இருண்ட வானில் ஒரு மங்கிய மண்டலம்

வானத்தில் ஒரு பொருள் பிரகாசமாக இருப்பது வேறு. அது கண்ணுக்குப் புலப்படுவது வேறு. முக்கோணம் என்னும் சிறு நட்சத்திரக் கூட்டத்தின் எல்லைக்குள் தோன்றும் எம்.33 என்ற நட்சத்திர மண்டலம் இதற்கு நல்ல சான்றாகும். இதன் மொத்த ஒளித்தரம் 5.7. வெறுங்கண்ணால் காணக்கூடிய மிக மங்கிய நட்சத்திரங்களின் ஒளித்தரம் 6 என்று பொதுவாகக் கொள்வார்கள். எண் குறையக் குறையப் பிரகாசம் மிகும். ஆகவே கணக்கின்படி இம்மண்டலம் எவருக்கும் எளிதில் தெரிய வேண்டும். உண்மையிலோ, நகரத்தில் நின்று பைனாகுலர் கொண்டு தேடினாலும் அது அகப்படுவதில்லை.

இதற்குக் காரணம் எளிது. ஒரு நட்சத்திரத்தின் ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. எம்.33-இன் ஒளியோ பௌர்ணமிச் சந்திரனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்பில் விரிந்து கிடக்கிறது. கிண்ணத்தில் இருக்கும்போது நிறைந்து தோன்றும் எண்ணெய், தரையில் கொட்டிப் பரவியபின் மெல்லிய பூச்சாகிவிடுவதைப் போன்றது இது. வானத்தின் பின்னணி அம்மெல்லிய பூச்சைவிட வெகுவாக ஒளிர்ந்தால், மண்டலம் அதில் மறைந்து போகிறது.

இத்தகைய மண்டலத்தைப் படம் பிடிப்பது பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டுமே உரிய காரியமன்று. சாதாரண காமிரா, சிறிய லென்ஸ், பொறுமை ஆகியவை கொண்டு ஒரு பள்ளி ஆசிரியரும் இதைச் செய்யலாம். ஆனால் அவருக்குக் கடையில் கிடைக்காத ஒரு சாதனமும் வேண்டும். அதுதான் இருள்.

கண்ணும் கண்ணாடித் தகடும்

பிரெஞ்சு வானவியலார் சார்ல் மெஸ்ஸியே 1764 ஆகஸ்ட் 25-ஆம் நாள் இம்மண்டலத்தைக் கண்டு தம் பட்டியலில் 33-ஆவது எண்ணாகச் சேர்த்தார். வால் நட்சத்திரங்களைத் தேடிய அவருக்கு இது ஒரு வெண்மையான மங்கல் ஒளியாகவே தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கியால் நோக்கியபோதுதான் இதில் சுருள் வடிவம் இருப்பது தெரிந்தது. கண்டதைக் கையால் வரைந்து வைப்பதைத் தவிர அன்று வேறு வழியில்லை.

இந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ஒரு தொழில்முறை விஞ்ஞானியல்லர். ஐசக் ராபர்ட்ஸ் வேல்ஸ் நாட்டில் பிறந்த பொறியியலார். கட்டிட ஒப்பந்தத் தொழிலில் பொருளீட்டியவர். வானவியல் அவருக்கு ஓய்வு நேர ஈடுபாடு. 1888 டிசம்பர் 29-ஆம் நாள் லிவர்பூலுக்கு அருகில் தமது 20 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடா மண்டலத்தை அவர் படம் பிடித்தார். கண்ணால் நோக்கியவர்களுக்கு ஒரு நீள்வட்ட மங்கலாகவே தோன்றிவந்த அப்பொருளின் சுருளமைப்பு முதன்முதலில் அப்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. பின்னர் எம்.33-ஐயும் அவர் படம் பிடித்தார்.

கண்ணைக் காட்டிலும் தகடு ஏன் மிகுதியாகக் கண்டது? கண் தான் பெறும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் பழையதை நீக்கிப் புதியதை ஏற்கிறது. தகடோ மணிக்கணக்கில் ஒளியைச் சேமிக்கிறது. ஆயினும் பழைய தகடுகள் தம்மீது விழுந்த நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டையே பயனுள்ளபடி பதிவு செய்தன. இன்றைய டிஜிட்டல் காமிராவின் உணரி பாதிக்கு மேற்பட்டவற்றைப் பதிவு செய்கிறது. ராபர்ட்ஸ் பெருங்கருவி கொண்டு செய்ததை இன்று ஒரு கைக் காமிராவால் நெருங்க முடிவதன் இரகசியம் இதுவே.

இருளின் கணக்கு

ஒளி துகள்களாக வருகிறது. மழைத்துளிகளைப் போல அவை ஒழுங்கற்று விழுகின்றன. சமமாகப் பெய்யும் மழையிலும் அடுத்தடுத்து வைத்த இரண்டு பாத்திரங்களில் விழும் துளிகளின் எண்ணிக்கை சரியாக ஒன்றாக இராது. இந்த ஏற்றத்தாழ்வு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒத்தது. 100 துளிகள் எனில் ஏறத்தாழ 10. படத்தில் மணல் தூவியதுபோல் தோன்றும் கரகரப்பு இதனால் விளைவதே.

மிக இருண்ட வானில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், உணரியின் ஒரு சிறு பகுதியில் வானப் பின்னணியிலிருந்து 100 துகள்கள் விழுவதாகக் கொள்க. எம்.33-இன் சராசரிப் பரப்பொளி இருண்ட வானைவிட ஒரு ஒளித்தரம் மங்கியது. ஆகவே அதிலிருந்து 40 துகள்கள் வரும். மொத்தம் 140, ஏற்றத்தாழ்வு சுமார் 12. மண்டலத்தின் பங்கான 40, இந்த 12-ஐப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

பெருநகரில் வானம் இதைவிட நான்கு ஒளித்தரம் மிகுந்து, அதாவது 40 மடங்கு, பிரகாசிப்பது சாதாரணம். அங்கே பின்னணி 4,000 துகள்கள். மண்டலத்தின் பங்கு அதே 40. மொத்தம் 4,040, ஏற்றத்தாழ்வு சுமார் 64. வேண்டிய 40, வேண்டாத 64-க்குள் அமிழ்ந்துவிடுகிறது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. இருண்ட வானில் ஒரு மணி நேரத்தில் பெறும் தெளிவை நகரில் பெற ஏறத்தாழ 29 மணி நேரம் படம் பிடிக்க வேண்டும். நேரத்தைக் கூட்டாமல் கருவியைப் பெரிதாக்குவதானால் லென்ஸின் விட்டம் ஐந்து மடங்குக்கு மேல் பெருக வேண்டும். கிராமத்தில் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவி செய்வதை நகரில் செய்ய 380 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி தேவை. சில வகை நெபுலாக்களைப் படம் பிடிக்க, நகர ஒளியைத் தடுக்கும் குறுகிய நிற வடிகட்டிகள் பயன்படும். ஏனெனில் அவை சில குறிப்பிட்ட நிறங்களிலேயே ஒளிர்கின்றன. நட்சத்திர மண்டலத்தின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அதற்கு இவ்வுபாயமும் பெரிதும் உதவாது.

வேண்டிய கருவிகள்

லென்ஸைக் கழற்றி மாற்றத்தக்க டிஜிட்டல் காமிரா ஒன்று, 135 முதல் 300 மில்லிமீட்டர் வரை குவிதூரமுள்ள லென்ஸ் அல்லது சிறிய தொலைநோக்கி ஒன்று, உறுதியான முக்காலி, வேண்டிய இடைவெளியில் தானாகவே படம் எடுக்கச் செய்யும் தொலைவிசை. இவற்றோடு, நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து சுழலும் சிறு இயந்திரமும் அவசியம்.

கடைசியாகக் கூறியது ஏன் அவசியம் என்பதை எளிய கணக்கால் அறியலாம். பூமியின் சுழற்சியால் நட்சத்திரங்கள் விநாடிக்கு 15 விகலை வரை நகர்வதாகத் தோன்றுகின்றன, எம்.33 உள்ள திசையில் இது சுமார் 13 விகலை. 200 மில்லிமீட்டர் லென்ஸில், 4 மைக்ரான் அளவுள்ள ஒரு படப்புள்ளி வானில் சுமார் 4 விகலையை அடக்குகிறது. ஆகவே முக்காலியில் அசையாமல் நிற்கும் காமிராவில், ஒரே விநாடியில் ஒவ்வொரு நட்சத்திரமும் மூன்று புள்ளி நீளக் கோடாகிவிடும். பின்தொடரும் இயந்திரம் பூமியின் சுழற்சிக்கு எதிராகக் காமிராவைத் திருப்பி இதைத் தவிர்க்கிறது.

அவ்வியந்திரத்தின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து பாகையில் ஏறத்தாழ 0.6 விலகியிருப்பதால், இயந்திரத்தோடு வரும் சிறு குழலில் பார்த்து இவ்விலகலைத் திருத்திக்கொள்வது முறை. துருவம் அடிவானிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது அவ்வூரின் அட்சரேகைக்குச் சமம். லடாக்கில் அது 33 பாகை உயரத்தில் நிற்கும். கன்னியாகுமரியிலோ 8 பாகையே. ஆகவே தெற்கே உள்ளவர்கள் வடதிசையில் மலையோ மரமோ மறைக்காத இடத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று.

ஓரிரவின் வேலை

எம்.33-ஐக் கண்டுபிடிக்க நம் நாட்டின் 27 நட்சத்திரங்களைப் பற்றிய பழைய அறிவே போதும். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து பெரிய சதுரமாக அமைந்துள்ளன. அச்சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து ஆண்ட்ரோமீடாக் கூட்டத்தின் நட்சத்திர வரிசை கிழக்கு நோக்கிச் செல்கிறது. அதில் இரண்டாவதாக வரும் பிரகாசமான, சிறிது செந்நிறங்கொண்ட நட்சத்திரம் மிராக். மிராக்கிலிருந்து வடமேற்கே 8 பாகையில் ஆண்ட்ரோமீடா மண்டலமும், அதற்கு நேர் எதிர்த்திசையில் 7 பாகையில் எம்.33-உம் உள்ளன. அசுவினிக்கு வடக்கே தெரியும் சிறு முக்கோணத்தின் கூர்நுனியிலிருந்து மேற்கே நான்கு பாகை தள்ளித் தேடினாலும் அதே இடத்தை அடையலாம்.

இம்மண்டலம் அக்டோபர் நடுவில் நள்ளிரவிலும், நவம்பர் நடுவில் இரவு 10 மணியளவிலும், டிசம்பர் நடுவில் 8 மணியளவிலும் உச்சத்தை அடைகிறது. அமாவாசையை ஒட்டிய இரவுகளே உகந்தவை. வட இந்தியாவில் அக்டோபரும் நவம்பரும் ஏற்ற மாதங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் பகுதிகளில் மழை ஓய்ந்தபின், டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் முன்னிரவைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை காமிராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையாலேயே குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். தானியங்கிக் குவியம் இங்குப் பயன்படாது. குவியம் சரியானதும் அது நகராதபடி ஒட்டும் நாடாவால் நிறுத்திவிடுவது நல்லது. படங்களைச் சுருக்கப்படாத மூலக் கோப்புகளாகவே பதிய வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் ஒன்று முதல் இரண்டு நிமிடம் அளித்து, மூன்று மணி நேரம் தொடர்ந்து எடுப்பது நல்ல தொடக்கம். இரண்டு நிமிட அளவில் இது 90 படங்கள் ஆகும்.

இடையில் லென்ஸின்மீது பனி படிகிறதா என்று அடிக்கடி கவனிக்க வேண்டும். கடுங்குளிரில் மின்கலங்கள் விரைவில் வலுவிழப்பதால் மாற்று மின்கலத்தைச் சட்டைப் பையில் உடல் வெப்பத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். கண்கள் இருளுக்கு முற்றும் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு கணம் வெள்ளை விளக்கை ஏற்றினாலும் அப்பழக்கம் கெடும். ஆதலால் மங்கிய சிவப்பு விளக்கே ஏற்றது. மாணவர்களை அழைத்துச் செல்லும்போது புல்வெளியையும் புதரையும் பகலிலேயே பார்வையிட்டு, எல்லோரும் மூடிய காலணி அணிந்திருக்கச் செய்வது அவசியம்.

தொண்ணூறு படங்கள் ஒன்றாவது

எடுத்த ஒரு படத்தைத் தனியே பார்ப்பவருக்கு ஏமாற்றமே உண்டாகும். நடுவில் ஒரு மங்கிய கறை; சுற்றிலும் கரகரப்பு. பயன் விளைவது கூட்டலில்தான். படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கூட்டும்போது மண்டலத்தின் ஒளி படங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகுகிறது. கரகரப்போ எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே பெருகுகிறது. நான்கு படங்கள் சேர்ந்தால் தெளிவு இருமடங்கு. நூறு சேர்ந்தால் பத்து மடங்கு. நூறு படங்களின் தெளிவை மீண்டும் இருமடங்காக்க நானூறு தேவை.

கூட்டுவதற்கு முன் இரண்டு திருத்தங்கள் வேண்டும். இருட்டிலும் உணரியில் தோன்றும் போலிப் புள்ளிகளை நீக்க, லென்ஸை மூடி, அதே நேர அளவிலும் அதே வெப்ப நிலையிலும் இருபது படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தின் ஓரங்கள் கறுப்பதையும் தூசியின் நிழலையும் நீக்க, குவியத்தை மாற்றாமல், லென்ஸின் முன் வெள்ளைத் துணியைக் கட்டி, சமமான வெளிச்சத்தில் மேலும் இருபது எடுக்க வேண்டும். பொருத்துதல், திருத்துதல், கூட்டுதல் ஆகிய அனைத்தையும் செய்ய டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற கணினி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படம் கற்பிப்பது

கூட்டிய படத்தில் தளர்ந்த இரண்டு சுருட்கரங்களும், அவற்றில் நீல நிறமான இளம் நட்சத்திரங்களின் திரள்களும், இடையிடையே இளஞ்சிவப்பு முடிச்சுகளும் தென்படும். முடிச்சுகளில் மிகப் பெரியது என்.ஜி.சி. 604; புதிய நட்சத்திரங்கள் உருவாகும் வாயு மேகம். வில்லியம் ஹெர்ஷல் இதனை 1784-இல் தனிப்பொருளாகக் குறித்தார்.

வகுப்பில் இப்படத்தைக் கொண்டு ஓர் அளவைப் பாடம் நடத்தலாம். எம்.33-இன் தூரம் ஏறத்தாழ 27 இலட்சம் ஒளி ஆண்டுகள். மேற்கூறிய லென்ஸில் ஒரு படப்புள்ளி 4 விகலைக்குச் சற்று மேல் எனில், அத்தூரத்தில் அது சுமார் 54 ஒளி ஆண்டு அகலத்தைக் குறிக்கும். என்.ஜி.சி. 604 படத்தில் எத்தனை புள்ளிகள் அகலம் என்று மாணவர்களே எண்ணிப் பெருக்கட்டும். விடை 1,500 ஒளி ஆண்டுகளை ஒட்டி வர வேண்டும். படத்தில் பதிந்த ஒளி அம்மண்டலத்தை விட்டுப் புறப்பட்ட காலம், ஆப்பிரிக்காவில் மனிதனின் முன்னோர் கற்களை உடைத்துக் கருவி செய்த காலமாகும்.

இது வெறும் பயிற்சியாக மட்டும் நின்றுவிட வேண்டியதில்லை. ஆண்ட்ரோமீடாவைப்போல் மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்ட மண்டலம் வேறில்லை. ஆயினும் 2022-இல் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சென்டி ஆகிய ஆர்வலர்கள், அதன் அருகே ஆக்ஸிஜன் வாயு ஒளிரும் ஒரு பெரிய வில்லைக் கண்டுபிடித்தனர். இதற்கு உதவியது 106 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றும், நூறு மணி நேரத்திற்கும் மேற்பட்ட படங்களும். தொழில்முறை விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ந்து 2023 ஜனவரியில் இதனை வெளியிட்டனர். ஒரே பகுதியில் அத்தனை மணி நேரம் செலவிடப் பெருந்தொலைநோக்கிகளுக்கு எளிதில் ஓய்விராது; ஆர்வலருக்கு அந்தச் சுதந்தரம் உண்டு.

ஹான்லேயின் எடுத்துக்காட்டு

இந்தியாவில் இத்தகைய பணிக்கு மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று லடாக்கிலுள்ள ஹான்லே. கடல் மட்டத்திற்குமேல் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அங்கு இந்திய வானவியல் ஆய்வு நிலையம் அமைந்துள்ளது. 2000-ஆம் ஆண்டில் முதல் ஒளியைப் பெற்ற 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி, பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸகோட்டேயிலிருந்தே இயக்கப்படுகிறது. ஹான்லேயில் எம்.33 தலைக்கு நேர் மேலிருந்து இரண்டு பாகை தூரத்திலேயே உச்சத்தைக் கடக்கிறது. அதன் ஒளி மிகக் குறைந்த காற்றையே ஊடுருவி வருகிறது.

2022 டிசம்பரில் இப்பகுதியில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்குக் கவனிக்கத்தக்கது கருவிகளன்று, மக்களின் ஒத்துழைப்பு. வீட்டு ஜன்னல்களுக்குத் தடித்த திரைகள். வெளி விளக்குகளுக்கு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பும் மூடிகள். இரவில் வரும் வாகனங்களின் முகப்பு விளக்குக்குக் கட்டுப்பாடு. கிராமத்து ஆடவரும் பெண்டிரும் பயிற்சி பெற்று, தொலைநோக்கி மூலம் வருவோர்க்கு வானத்தைக் காட்டி வருமானமும் ஈட்டுகின்றனர். இருளைக் காப்பது வளர்ச்சிக்கு விரோதமானதன்று என்பதற்கு இக்கிராமம் சாட்சி. மகாராஷ்டிரத்திலுள்ள பெஞ்ச் புலிகள் காப்பகமும் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது.

குறைந்துவரும் செல்வம்

இவ்விருள் நிலையானதன்று. 2016-இல் வெளிவந்த உலக வானொளி வரைபடத்தின்படி, மனித இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து ஆகாய கங்கையைக் காண இயலாது. 2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் கண்ணால் எண்ணி அனுப்பிய நட்சத்திரக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், வானத்தின் பின்னணி ஒளி ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் பெருகியதாக 2023-இல் தெரிவித்தனர். இவ்வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் அது இருமடங்காகிறது. இதனால் விளையும் கேடு வானவியலோடு முடிவதில்லை. விளக்கைச் சுற்றி மடியும் விட்டிற்பூச்சிகளும், கடலை நோக்கிச் செல்லாமல் கரை விளக்குகளை நோக்கித் தவழும் ஆமைக் குஞ்சுகளும் அதன் விளைவைச் சுமக்கின்றன.

கிராமத்திற்கு வெளிச்சம் வேண்டும்; அதில் ஐயமில்லை. வேண்டுவது வெளிச்சம் சாலையில் விழுவதே. வானில் விழும் வெளிச்சம் வீணாகும் மின்சாரம். புதிய தெருவிளக்கு அமைக்கும் சமயத்தில் கள ஊழியர் மூன்று விஷயங்களைப் பரிந்துரைக்கலாம். விளக்கின் மேற்புறமும் பக்கமும் மூடியிருத்தல். தேவைக்கு மேற்பட்ட திறன் கொள்ளாதிருத்தல். நீலம் கலந்த வெண்ணிற ஒளிக்குப் பதில் இளமஞ்சள் ஒளியைத் தேர்தல். நீல ஒளியே காற்றில் மிகுதியாகச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

ஆசிரியர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து, ஒரே காமிராவால், ஒரே நேர அளவில் எம்.33-ஐப் படம் பிடித்து வரும் பள்ளி, வானவியல் பாடத்தோடு தன் ஊர் வானத்தின் வரலாற்றையும் எழுதிவருகிறது எனலாம். பின்னணியின் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, நிலைத்திருக்கிறதா என்பதை அப்படங்களே காட்டும். மண்டலத்தின் 40 துகள்கள் மாறப்போவதில்லை. பின்னணியின் 100 துகள்கள் 4,000 ஆகாமல் காப்பது மட்டுமே மனிதர் கையில் இருக்கிறது.